எல்லார் கையிலும் இருக்கும் வாட்ச்

மூர்ஸ்வில், வட கரோலினா
டிசம்பர் 9

அன்பு லாயிட் அண்ணா,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் நீ சத்தம் போடுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அம்மா போன பிறகு நீயும் நானும் ஒழுங்காகப் பேசிக்கொள்வது காகிதத்தில் மட்டும்தான். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எனக்கு டேடோனா ரேஸில் கார் ஓட்ட இடம் கிடைத்துவிட்டது.

நேற்று மதியம் வழக்கம்போல ஒரு பணக்காரருக்கு ரேஸ் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து "பிரேக், பிரேக், பிரேக்" என்று கத்துவதுதான் என் பிழைப்பு என்று உனக்குத் தெரியும். அப்போது கஸ் கூப்பிட்டார். சின்ன டீம் நடத்துகிறார், ஒரே ஒரு வெள்ளைக் கார். அதை ஓட்ட வேண்டிய கொரின் என்ற பெண் பனிச்சறுக்கில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தனக்குப் பதிலாக என்னைக் கூப்பிடச் சொன்னதும் அவள்தான்.

"ஜனவரி கடைசியில என்ன பண்றே?" என்றார் கஸ்.

"ஒண்ணும் இல்லையே."

"இருபத்து நாலு மணி நேரப் பந்தயம். தூங்க முடியாது, பரவால்லியா?"

"நீங்க இப்ப சொல்லிட்டீங்கல்ல, இனிமே பந்தயம் முடியற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது."

அண்ணா, அங்கே ஜெயித்தால் என்ன தருவார்கள் என்று உனக்கு நான் சொல்லவே வேண்டாம். பந்தயத்தின் பெயரையே வைத்த வாட்ச், ஒரு ரோலெக்ஸ் டேடோனா. பின்பக்கம் வெற்றியாளர் என்று பொறித்திருக்கும். நான் முதன்முதலில் அந்த மைதானத்துக்கு டயர் உருட்டும் வேலைக்குப் போனபோது, முந்தின வருடம் ஜெயித்த ஒருவர் அதைக் கட்டிக்கொண்டு ரொட்டி வாங்க வரிசையில் நின்றார். அவர் ரொட்டி வாங்கிப் போகும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வாட்ச் கடையில் எத்தனையோ இருக்கலாம். இது மட்டும் ஓட்டினால்தான் கிடைக்கும்.

நீ வர வேண்டும். இதுவரை நான் ஓட்டி நீ ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை. டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன்.

உன் தங்கை
டீலியா


ஸ்காட்ஸ்டேல், அரிசோனா
டிசம்பர் 16

கார்க்காரி டீலியாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே பிரித்தேன். படித்து முடித்ததும் மேஜையை ஓங்கித் தட்டிவிட்டேன். எதிரில் இருந்த அம்மாள் தன் கணவரின் வாட்சுக்கு நான் சொன்ன விலையில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து எழுந்துவிட்டார். "ஒண்ணும் இல்லம்மா, என் தங்கச்சி டேடோனா ஓட்டப் போறா" என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேரம் நடக்கவில்லை.

பெருமையாக இருக்கிறது. உண்மையாகச் சொல்கிறேன்.

ஆனால் அந்த வாட்சுக்காக நீ இப்படிக் குதிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பழைய ரோலெக்ஸ் வாங்கி விற்பதுதான் என் தொழில். வாட்சில் குறை எதுவும் இல்லை, அருமையான சாமான். ஆனால் இந்த ஊரில் முடி வெட்டுகிறவர் கையில் இருக்கிறது, வீடு விற்கும் தரகர் கையில் இருக்கிறது, பள்ளி பேஸ்பால் ஆட்டத்துக்குப் போனால் அப்பாக்கள் வரிசை முழுக்க இருக்கிறது. எனக்கு அது இப்போது சட்டைப் பொத்தான் மாதிரி. கண் பார்க்கிறது, மனதுக்குப் போய்ச் சேருவதில்லை. கடைக்கு வந்த புதிதில் ஒரு வாட்சைக் காதில் வைத்து அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். அப்படி நின்ற லாயிட் எங்கே போனான் என்று எனக்கே தெரியவில்லை.

இங்கே டாக்டர் ப்ரூயிட் என்று ஒரு பல் டாக்டர் இருக்கிறார். வருடா வருடம் வந்து ஒன்று வாங்குவார். போன வாரமும் வந்தார்.

"லாயிட், பச்சை டயல்ல ஏதாவது வந்திருக்கா?"

"டாக்டர், உங்ககிட்ட ஏற்கெனவே ரெண்டு பச்சை இருக்கு."

"இது வேற பச்சைப்பா."

சாக்ஸ் வாங்குவது மாதிரி ரோலெக்ஸ் வாங்குகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். நீ கோப்பைக்கு ஆசைப்படு. கோப்பை எல்லார் வீட்டிலும் இருக்காது.

வர முடியாது, கோபிக்காதே. அந்த வாரம்தான் லாஸ் வேகாஸில் வாட்ச் வியாபாரிகளின் சந்தை. போகாவிட்டால் வருடம் முழுக்க விற்கச் சரக்கு இருக்காது.

பத்திரமாக ஓட்டு. பத்திரமாக என்றால் மெதுவாக என்று அர்த்தம் இல்லை, அது எனக்குத் தெரியும்.

லாயிட்


டேடோனா பீச், ஃப்ளோரிடா
ஜனவரி 29

அண்ணா,

ஜெயித்துவிட்டோம். எங்கள் பிரிவில் முதலிடம்.

விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கொப்புளம் வந்த கையால் பேனா பிடிக்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தை நாளைக்கு எழுதினால் பாதி மறந்துபோகும்.

மாறி மாறி ஓட்டியதில், விடியும்போது காரை என்னிடம் கொடுத்தார்கள். மூடுபனி இறங்கியிருந்தது. சுவர் மாதிரிச் சாய்ந்த வளைவு ஒன்று இருக்கிறது, அதில் ஏறும்போது முன்னால் வெறும் வெள்ளை. முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு தெரிகிற மாதிரி இருக்கும், உடனே இல்லாமல் போகும். பயந்தேன், ஒப்புக்கொள்கிறேன். பயத்தோடு பயமாக, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் அழுத்தினேன். மூடுபனி கலைந்தபோது எனக்கு முன்னால் இருந்த இரண்டு கார்கள் பின்னால் இருந்தன.

கடைசிச் சுற்றுகளை பாஸ்டியன் ஓட்டுவதாக இருந்தது. எங்களில் அவன்தான் வேகமானவன். ஆனால் அவனுக்கு வயிற்றைப் புரட்டி, நிற்கவே முடியவில்லை. கஸ் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே ஹெல்மெட்டைக் கையில் எடுத்திருந்தேன்.

எங்கள் இன்ஜினியர் ஹாலிஸ் ரேடியோவில் பேசிக்கொண்டே வந்தார்.

"டீலியா, மஞ்சக் கார் நெருங்கிட்டான்."

"பெட்ரோல் போதுமா?"

"போதும்."

"எவ்வளவு இருக்கு?"

"போதும்னு சொன்னேன்ல. நீ ரோட்டைப் பாரு."

மஞ்சள் கார் கண்ணாடி முழுக்கத் தெரிந்தது. கடைசிச் சுற்றில் அவன் உள்பக்கம் நுழைந்தான். நான் வெளிப்பக்கத்தை விடவில்லை. சாய்ந்த வளைவில் இரண்டு பேரும் கதவோடு கதவாக ஏறினோம். அவனுடைய கையுறைத் தையல்கூடத் தெரிந்தது, சத்தியமாக. கோட்டைத் தாண்டினேன். கொஞ்ச தூரம் போனதும் கார் இருமி நின்றுவிட்டது. டாங்கில் ஒரு சொட்டு இல்லை.

"போதும்னு சொன்னீங்களே" என்றேன் ரேடியோவில்.

"போதுமாத்தானே இருந்தது" என்றார் ஹாலிஸ்.

மேடையில் ஓட்டின ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாட்சைக் கட்டிவிட்டார்கள். என் கைக்குப் பெரியது, முழங்கைவரை ஏறிவிட்டது. கொரின் மாவுக்கட்டோடு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். அந்தக் கட்டு என் மண்டையில் நங்கென்று இடித்தது. அழுகைக்கு ஒரு காரணம் கிடைத்தது என்று நன்றாக அழுதேன்.

எல்லாருடைய வீட்டிலிருந்தும் யாராவது வந்திருந்தார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன்.

டீலியா


ஸ்காட்ஸ்டேல்
பிப்ரவரி 5

ஜெயித்தவளுக்கு,

கடைசிக் கொஞ்ச நேரத்தை வேகாஸில் போனில் பார்த்தேன். மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு மேலே ஒருவரிடம் விலை பேசிக்கொண்டிருந்தேன். நீ கோட்டைத் தாண்டியபோது என் வாயிலிருந்து வந்த சத்தத்தில் அவர் விலையைக் குறைத்துவிட்டார். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது, அதனால் நீ எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு நடந்தது புரிந்தது. கதவோடு கதவாகவா? அம்மா இருந்திருந்தால் உன்னை இரண்டு சாத்துச் சாத்தியிருப்பாள்.

சந்தை முழுக்கச் சொன்னேன். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "வெள்ளை டயலா, கறுப்பு டயலா?" எப்படி ஜெயித்தாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ அதைத்தான் அவர்கள் நிரூபித்தார்கள். வெற்றியைக் கொண்டாடு. வாட்சைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்து பார், பிறகு எனக்கு எழுது.

உன் அண்ணன்


மூர்ஸ்வில்
பிப்ரவரி 13

அண்ணா,

நடந்து பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பும் விமானத்தில் பக்கத்து ஸீட்காரர் என் கையைப் பார்த்தார். கேளுங்கள், கேளுங்கள் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"நல்லா இருக்குங்க. என்கிட்டயும் இதேதான் இருக்கு, கிறிஸ்துமஸுக்கு வீட்டுல வாங்கித் தந்தாங்க. உங்களுக்கு?"

"வேலை பார்த்த இடத்துல தந்தாங்க."

"பரவால்லியே. நல்ல கம்பெனி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

காய்கறிக் கடையில் மேனேஜர் கையில் இருந்தது. என் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கையில் இருந்தது. வெற்றியாளர் என்ற எழுத்து என் தோலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீ சொன்னது சரி, முழுக்கச் சரி. இரண்டு நாள் வருத்தமாக இருந்தது. பிறகு போய்விட்டது, ஏனென்றால் வேறு விஷயம் வந்துவிட்டது.

மார்ச்சில் செப்ரிங் பந்தயம். கரடுமுரடான பழைய கான்கிரீட் தடம், ஓட்டினால் பல் ஆடும். ஓட்டினவர்கள் எல்லாரும் அதைத் திட்டுவார்கள், அடுத்த வருடம் திரும்பப் போவார்கள். கொரினின் கை சரியாகிவிட்டது, அவள் இடம் அவளுக்குத்தான். கஸ் நான்காவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொள்ளத் தயார், ஆனால் என் பங்குச் செலவை நான் கொண்டுவர வேண்டும். ஸ்பான்சர் தேடிக் கதவு கதவாகத் தட்டினேன். கிடைக்கவில்லை. இப்போதுதான் என் பெயர் நாலு பேருக்குத் தெரிகிறது. இந்தப் பந்தயத்தில் ஓட்டினால் அடுத்த வருடத்துக்குக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் மறுபடியும் "பிரேக், பிரேக்"தான்.

அதனால் வாட்சை இன்சூர் செய்து உனக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஜெயித்தவர் வாட்சுக்குக் கடை வாட்சைவிடக் கூடக் கொடுப்பார்கள் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். விற்றுக் கொடு. அந்தக் கான்கிரீட்டை நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கிறது. சந்தோஷத்தில்தான்.

டீலியா


ஸ்காட்ஸ்டேல்
பிப்ரவரி 20

டீலியா,

விற்க மாட்டேன்.

பெட்டியைக் காலையில் பிரித்தேன். வழக்கம்போல வாட்சைத் திருப்பினேன், எழுத்தைப் படித்தேன். பிறகு பட்டையின் பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கீறலைப் பார்த்தேன். கொரினின் மாவுக்கட்டா, உன் ஹெல்மெட்டா தெரியவில்லை. எங்கள் தொழிலில் கீறலைப் பார்த்தால் உடனே பாலிஷ் போடுகிறவரை நினைப்போம். நான் நினைக்கவில்லை. காபி ஆறிப்போய், வாசலில் ஆள் வந்து நின்று, அப்புறம்தான் எழுந்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு ரோலெக்ஸைக் காதில் வைத்துக் கேட்டேன்.

நான் சொன்னதெல்லாம் தப்பு. பத்து லட்சம் பேர் கையில் இருக்கட்டும், இது வேறு. நீ செப்ரிங்கை அடுத்த வருடம் ஓட்டலாம். இந்த வாட்ச் போனால் போனதுதான். உனக்குத் தெரியாத ஒருவனுடைய இரும்புப் பெட்டியில் கிடக்கும். நான் அதைச் செய்ய மாட்டேன். கடையில் என் லாக்கரில் வைத்திருக்கிறேன். ஒருநாள் நீ எனக்கு நன்றி சொல்வாய்.

லாயிட்


மூர்ஸ்வில்
பிப்ரவரி 25

அண்ணா,

அது என் வாட்ச்.

உன் கடிதம் அழகாக இருந்தது, அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. நீ கீறலைப் பார்த்து யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அந்தக் கீறல் எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன். மூடுபனி எனக்குள் இருக்கிறது. மஞ்சள் கார் எனக்குள் இருக்கிறது. அதை யாருக்கும் விற்க முடியாது. உனக்கு அந்த வாட்ச் வேண்டியிருக்கிறது, ஏன் தெரியுமா? நீ வரவில்லை. பார்க்காமல் விட்டதற்குப் பதிலாக அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

அடுத்த வருடம் என்று சொல்கிறாய். எங்கள் தொழிலில் இந்த வருடம் ஓட்டாதவளை அடுத்த வருடம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

விற்றுக் கொடு. உன்னால் முடியாவிட்டால் திருப்பி அனுப்பு, வேறு கடையில் விற்றுக்கொள்கிறேன். ஆனால் நீ விற்றால் எனக்கு நன்றாக இருக்கும்.

டீலியா


ஸ்காட்ஸ்டேல்
மார்ச் 3

டீலியாக் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் கடைக்கு வந்தவர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் டாக்டர் ப்ரூயிட்டைக் கூப்பிட்டேன். வேண்டுமென்றேதான் அவரைக் கூப்பிட்டேன். விற்கத்தான் வேண்டும் என்றால், இதை இன்னொரு சாக்ஸாக நினைக்கிறவருக்கு விற்று உனக்கு ஒரு பாடம் சொல்லலாம் என்ற கெட்ட எண்ணம்.

வந்தார். "என்னப்பா, பச்சையா?" என்றார். நான் வாட்சை நீட்டினேன். டயலைப் பார்த்தார், திருப்பினார், படித்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"யாரோடது?"

"என் தங்கச்சியோடது. இந்த ஜனவரில ஜெயிச்சது. வெள்ளைக் கார்."

"விடியக்காலையில மூடுபனிக்குள்ள ரெண்டு காரைத் தாண்டி வந்துச்சே, அந்த வெள்ளைக் காரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க அங்க இருந்தீங்களா டாக்டர்?"

"காலேஜ்ல படிக்கிறப்ப இருந்து ஒரு வருஷம்கூட விட்டதில்ல. மைதானத்துக்குள்ளயே கூடாரம் போட்டுக்குவேன். மூடுபனியில எல்லாரும் காலை எடுத்தாங்க. சத்தத்துலயே தெரியும்ல. ஒரே ஒரு கார் மட்டும் எடுக்கல. என் பொண்டாட்டியை எழுப்பி, இத கேளுன்னு சொன்னேன். அது உன் தங்கச்சியா?" என்று சொல்லிவிட்டு முன்னால் சாய்ந்தார். "அந்தக் கடைசி வளைவு, நான் நின்ன இடத்துல இருந்து தெரியல. மஞ்சக் கார் எந்தப் பக்கம் வந்தான்? நீ எங்க இருந்து பாத்தே?"

"நான் போகல டாக்டர். வேகாஸ்ல இருந்தேன்."

"உன் தங்கச்சி அங்க ஓட்டிட்டிருக்கா. நீ வேகாஸ்ல என்ன பண்ணிட்டிருந்தே?"

"ரோலெக்ஸ் வித்துட்டிருந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

வாட்சை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார்: "நான் ஏன் வருஷா வருஷம் வாங்கறேன்னு நீங்கள்லாம் கிண்டல் பண்றது எனக்குத் தெரியும். டேடோனா நெருங்கிட்டா கை சும்மா இருக்காது. எனக்கு ஓட்டத் தெரியாது லாயிட். வாங்கத்தான் தெரியும்."

பல வருடமாக இவரிடம் வியாபாரம் செய்கிறேன். ஒரு தடவைகூட ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டதில்லை. வாட்ச் சலித்துப்போய்விட்டது என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேனே, சலித்துப்போனது வாட்ச் இல்லை. நான் எதிரில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டிருந்தேன்.

அவர் பேரம் பேசவில்லை. நானும் எனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. உன் பங்குப் பணம் கஸ்ஸுக்கு நேராகப் போய்விட்டது, உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஆனால் பணம் கட்டின பிறகும் அவர் வாட்சைக் கையில் கட்டவில்லை. "ஜெயிக்காதவன் இதைக் கட்டலாமா? அவகிட்ட கேட்டுச் சொல்லு" என்றார். பதில் எழுது, காத்திருக்கிறார்.

இன்னொன்று. செப்ரிங் வாரத்தில் கடையைப் பூட்டுகிறேன். விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். என்ன போட்டுக்கொள்ள வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எதுவும் தெரியாது. நேற்றிலிருந்து பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகும் பிள்ளை மாதிரி பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறேன். எழுது.

லாயிட்


மூர்ஸ்வில்
மார்ச் 8

அண்ணா அண்ணா அண்ணா,

டாக்டரிடம் சொல், தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். பெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம். பல் பிடுங்கும்போதும் கட்டட்டும். யாராவது கேட்டால் கடைசி வளைவில் மஞ்சள் கார் உள்பக்கம், நான் வெளிப்பக்கம் என்று சொல்லட்டும்.

உனக்கு: பழைய ஷூ போட்டுக்கொள், மண்ணும் கிரீஸுமாகிவிடும். அகலமான தொப்பி வேண்டும். காதுக்குப் பஞ்சு வேண்டும், கடையில் விற்கும் சின்னது போதாது, நான் நல்லதாகத் தருகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது கறி சுட்டுக்கொண்டிருப்பார்கள், உன்னைச் சாப்பிடச் சொல்வார்கள், வேண்டாம் என்று சொல்லாதே, கோபித்துக்கொள்வார்கள். பதினேழாவது திருப்பத்தில் வேலியோடு ஒட்டி நில். அங்கேதான் கான்கிரீட் ரொம்ப மோசம், கார் நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பும். முதல் தடவை பார்க்கும்போது நீ கண்ணை மூடிக்கொள்வாய். எனக்கு அங்கேதான் ரொம்பப் பிடிக்கும்.

அந்த வேகத்தில் என்னால் உன்னைப் பார்க்க முடியாது. நீ கத்துவதும் எனக்குக் கேட்காது.

இருந்தாலும் கத்து.

டீலியா